காலையில் தெரிந்துவிடும்

நவம்பர் பிறந்ததும் பெங்களூரிலும் டெல்லியிலும் குடியிருக்கும் தமிழர்களின் இணையக் குழுக்களில் ஒரு கேள்வி கிளம்பும். மாவு பொங்கவே மாட்டேன் என்கிறது, என்ன செய்வது? டொராண்டோவிலும் லண்டனிலும் இருப்பவர்கள் அக்டோபரிலேயே கேட்கத் தொடங்கிவிடுவார்கள். கேட்பவருக்கும் சொல்பவருக்கும் அறிமுகம் கிடையாது. ஒருவரை ஒருவர் நேரில் பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் யோசனைகள் வந்து குவிந்துவிடும். கையால கலக்குங்க சிஸ்டர், கரண்டி போடாதீங்க. அயோடின் உப்பு வேண்டாம், கல் உப்பு போடுங்க. உளுந்து ஊறும்போதே ஒரு ஸ்பூன் வெந்தயம், அரைக்கும்போது ஒரு பிடி அவல். ஓவனைச் சூடாக்காமல் விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைங்க. இன்ஸ்டன்ட் பாட் இருந்தால் தயிர் பொத்தானை அழுத்தி 12 மணி நேரம் விடுங்க. ஆனா அதோட மூடியைப் போட்டுடாதீங்க, மாவு பொங்கி வால்வை அடைச்சுக்கிட்டா மூடி திறக்காது, சாதாரணத் தட்டு போட்டு மூடுங்க. சமையல் புத்தகம் எழுதுகிறவருக்கு இந்தக் கடைசி எச்சரிக்கை தோன்றியிருக்காது. மூடியோடு ஒரு காலைப்பொழுது மல்லுக்கட்டியவர் சொல்வது அது.

முன்பின் தெரியாதவர்களிடம் சமையலுக்கும் தலைமுடிக்கும் தொட்டிச் செடிக்கும் யோசனை கேட்கும் இந்தப் பழக்கத்தைப் பற்றி இரண்டு தரப்புகள் உண்டு. படிப்பறிவில்லாத கூட்டம் ஆளுக்கொன்று சொல்கிறது, எல்லாம் குப்பை என்பது ஒன்று. இதுதான் மக்களின் அனுபவ அறிவு, நிபுணர்களைவிட மேல் என்பது மற்றொன்று. இரண்டுமே சொல்பவர் யார் என்பதை வைத்துத் தீர்ப்பு எழுதுகின்றன. நான் அந்த இடத்திலிருந்து பார்க்க விரும்பவில்லை. கேட்கப்படும் விஷயம் எவ்வளவு சீக்கிரமாகவும் எவ்வளவு நேர்மையாகவும் தன் விடையைக் காட்டுகிறது என்பதே யோசனையின் தரத்தைத் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். ராத்திரி கரைத்துவைத்த மாவு பொங்கியதா இல்லையா என்பது காலையில் தெரிந்துவிடும். தலையில் தேய்த்த எண்ணெய் வேலை செய்ததா என்பது ஆறு மாதமானாலும் தெரியாது. சொல்கிறவர்கள் அதே ஆட்கள்தான், நல்லெண்ணத்திலும் குறைவில்லை. ஆனால் முதல் விஷயத்தில் தேர்ந்த வாத்தியார்களாக இருப்பவர்கள் இரண்டாவதில் வதந்தி பரப்புகிறவர்களாகிவிடுகிறார்கள்.

மாவையே கொஞ்சம் கிட்டத்தில் பார்க்கலாம். 1965-இல் அமெரிக்காவில் ஸ்டெயின்க்ராஸ் உள்ளிட்ட ஆய்வாளர்கள் இட்லி மாவைச் சோதித்து, அதைப் பொங்கவைப்பதில் லூக்கோனாஸ்டாக் மெசன்டிராய்டஸ் என்ற பாக்டீரியாவுக்கே முக்கியப் பங்கு என்று எழுதினார்கள். அது எங்கிருந்தோ வந்து விழுவதில்லை. உளுந்திலும் அரிசியிலும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருப்பது. அது உண்டாக்கும் வாயுவை வெளியே விடாமல் பிடித்துவைப்பது உளுந்தின் புரதமும், அதன் வழவழப்புக்குக் காரணமான ஒருவகைப் பசைப்பொருளும் என்று மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வுகள் பின்னர் காட்டின. இதை வைத்துக்கொண்டு மேலே உள்ள யோசனைகளை உரசிப் பார்த்தால், பெரும்பாலானவை தேறிவிடுகின்றன. மாவுக்கு 30 டிகிரியை ஒட்டிய சூடு வேண்டும். லண்டன் சமையலறையில் குளிர்காலத்தில் 20 டிகிரி இருந்தாலே பெரிது. ஓவன் விளக்கு அந்தக் குறையை ஈடுகட்டுகிறது. வெந்தயம் தன் பங்குக்கு வழவழப்பைக் கூட்டுகிறது. கையால் கலக்குவதற்குச் சொல்லப்படும் காரணம், கையிலிருக்கும் கிருமிதான் மாவைப் புளிக்கவைக்கிறது என்பது. அது தேவையில்லாத விளக்கம், கிருமி உளுந்திலேயே இருக்கிறது. ஆனால் அடியில் தங்கும் அரிசி மாவையும் மேலே நிற்கும் உளுந்து மாவையும் கை கலப்பதுபோலக் கரண்டி கலப்பதில்லை என்பது உண்மை. காரணம் பிசகு, காரியம் சரி.

அயோடின் உப்பு விஷயம் அப்படியல்ல. இந்தியாவில் கடையில் வாங்கும் பொடியுப்பில் அயோடின் ஒரு கிலோவுக்கு 15 முதல் 30 மில்லிகிராம் இருக்கும். இரண்டரைக் கிலோ மாவுக்கு 20 கிராம் உப்பு போட்டால் உள்ளே போவது அதிகபட்சம் 0.6 மில்லிகிராம். இவ்வளவு சொற்பம் கோடிக்கணக்கில் பெருகும் கிருமிகளைத் தடுத்து நிறுத்திவிடும் என்று நம்புவது கடினம். பிறகு ஏன் இந்த நம்பிக்கை சாகவில்லை? மாவு பொங்காத எரிச்சலில் இருப்பவர் ஒரே ராத்திரியில் உப்பையும் மாற்றுகிறார், பாத்திரத்தையும் ஓவனுக்குள் வைக்கிறார். காலையில் பொங்கியிருக்கிறது. எதனால் பொங்கியது என்று மாவு சொல்லப்போவதில்லை, பாராட்டு இரண்டுக்கும் பாதிப் பாதி போய்விடுகிறது. சீக்கிரம் விடை தெரியும் விஷயங்களிலும் மூடநம்பிக்கை இப்படி ஓசிப் பயணம் செய்யத்தான் செய்யும். (அயோடினை உப்பில் சேர்ப்பது கழுத்துக் கழலை வராமலிருக்க. சோற்றுக்கும் குழம்புக்கும் பொடியுப்பு, மாவுக்கு மட்டும் கல் உப்பு என்று வைத்துக்கொள்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை.) ஆனால் அது தனியாகப் பயணம் செய்ய முடியாது. உப்பை மட்டும் மாற்றிவிட்டுக் குளிரில் பாத்திரத்தை வைத்தவருக்கு மறுநாள் மாவு அப்படியே கிடக்கும், அவர் திரும்பி வந்து சொல்வார்.

திரும்பி வந்து சொல்வதுதான் இங்கே முக்கியம். நீங்க சொன்னபடிதான் செஞ்சேன் அக்கா, இட்லி கல்லு மாதிரி இருக்கு என்று எழுதுவார். அப்போது சொன்னவர் கேட்கத் தொடங்குகிறார். என்ன அரிசி, இட்லி அரிசியா, ரேஷன் புழுங்கலா? உளுந்து முழுசா, உடைச்சதா? வாங்கி எத்தனை மாசமாச்சு? மிக்ஸியா, கிரைண்டரா? மிக்ஸின்னா தண்ணி ஐஸா ஊத்தினீங்களா? முதலில் வந்த யோசனைகளைவிட இந்த எதிர்க்கேள்விகளில்தான் சரக்கு இருக்கிறது. பழைய உளுந்து சரியாக உபரி காணாது, மிக்ஸியின் சூட்டில் மாவு கெடும் என்கிற இரண்டும் இப்படித்தான் கைமாறுகின்றன. பெண்கள் பத்திரிகைகளில் வெளிவந்த துணுக்குக் குறிப்புகளில் இந்த வசதி இருந்ததில்லை. நான்கு வரிக் குறிப்பு, கீழே வாசகியின் பெயரும் ஊரும், முடிந்தது. மதுரையில் செல்லுபடியான குறிப்பு குன்னூரில் காலை வாரியது ஆசிரியர் மேஜைக்குத் திரும்பிவர வழியில்லை.

எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ என்ற சமையல் புத்தகம் 1951-இல் வந்தது. உறவுக்காரப் பெண்கள் ஊர் ஊராகப் பிரிந்துபோய், அங்கிருந்து இதை எப்படிச் செய்வது, அதற்கு என்ன அளவு என்று அவருக்குக் கடிதம் போட்டுக்கொண்டே இருந்ததாகவும், இத்தனை பேருக்கு எழுதுவதற்குப் புத்தகமாகவே எழுதிவிடலாமே என்று உறவினரான கே.வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் தூண்டியதாகவும் சொல்வார்கள். தலைமுறைகளாகக் கல்யாணச் சீரோடு போன அந்தப் புத்தகத்தில் அளவுகள் அவ்வளவு கறாராக இருப்பதற்குக் கேட்டவர்களுக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். கைப்பக்குவம் உள்ளவர் தனக்காகச் சமைக்கும்போது அளந்து பார்ப்பதில்லை. தொலைவிலிருக்கும் ஒருத்தி கேட்டால்தான் அளக்க வேண்டிவருகிறது.

இப்போது தலைமுடிக்கு வருவோம். குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதமான பெண் ஒருவர் கேட்கிறார்: சீப்பில் கொத்துக் கொத்தாக வருகிறது, பயமாக இருக்கிறது. கரிசலாங்கண்ணி எண்ணெய், கறிவேப்பிலை காய்ச்சிய தேங்காய் எண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, ஊறவைத்த வெந்தயம் என்று பதில்கள் வருகின்றன. எனக்குக் கைகண்ட மருந்து என்று நான்கைந்து பேர் சாட்சி சொல்கிறார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு. பிரசவம், டைபாய்டு, டெங்கு போன்ற அதிர்ச்சிக்குப் பின் ஏராளமான முடிகள் ஒரே சமயத்தில் வளர்வதை நிறுத்தி ஓய்வுக்குப் போகின்றன. இரண்டு மூன்று மாதம் கழித்து அவை சேர்ந்தாற்போல் உதிர்கின்றன. அதன்பின் பெரும்பாலும் ஆறேழு மாதங்களில் உதிர்வது தானாக நின்று புதுமுடி முளைத்துவிடுகிறது. ஆக, பயந்துபோய்க் கேட்கும் நேரம் என்பது உதிர்வு உச்சத்தில் இருக்கும் நேரம். அதற்குப் பிறகு எதைத் தேய்த்தாலும், எதையுமே தேய்க்காவிட்டாலும், முடி வரத்தான் போகிறது. புகழ் எண்ணெய்க்குப் போய்ச் சேரும்.

முடி வராதவர்கள் என்ன ஆனார்கள்? இரத்தசோகை, தைராய்டு, பரம்பரை வழுக்கை என்று வேறு காரணம் இருப்பவர்களுக்கு எண்ணெய் ஒன்றும் செய்யாது. ஆனால் மாவு விஷயத்தில் தோற்றவர் மறுநாளே சண்டைக்கு வருவதுபோல இவர்கள் வருவதில்லை. ஆறு மாதத்தில் யார் சொன்ன எண்ணெய் என்பதே மறந்திருக்கும், நடுவில் நான்கு எண்ணெய் மாறியிருக்கும். அப்படியே வந்து கேட்டாலும், தினமும் தேய்ச்சீங்களா, ஷாம்பு போட்டீங்களா, செக்கு எண்ணெய்தானா என்று குற்றம் கேட்டவர் தலையிலேயே விழும். இங்கேயும் எதிர்க்கேள்விகள் வருகின்றன, கவனியுங்கள். மாவுக்காரர் கேட்ட கேள்விகள் தன் யோசனையில் எங்கே கோளாறு என்று தேடின. இவை யோசனையைக் காப்பாற்றுவதற்காகக் கேட்கப்படுபவை.

சின்ன வெங்காயத்தைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பவர்கள் இருப்பார்கள். புழுவெட்டு விழுந்த இடத்தில் சின்ன வெங்காயத்தை அரிந்து தேய்ப்பது தமிழ்நாட்டில் பழைய வைத்தியம். 2002-இல் பாக்தாத் மருத்துவர்கள் புழுவெட்டு உள்ள 23 பேருக்கு வெங்காயச் சாறு பூசி, ஆறு வாரத்தில் 20 பேருக்கு முடி முளைத்ததாக எழுதினார்கள். வெறும் தண்ணீர் பூசியவர்களில் முளைத்தது மிகச் சிலருக்கே. பாட்டி வைத்தியம் ஜெயித்ததா இல்லையா? சிறிய ஆய்வு அது, புழுவெட்டு தானாகவே சரியாவதும் உண்டு. அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒப்புக்கொண்டாலும், இந்த உதாரணம் என் பக்கம்தான் நிற்கிறது. புழுவெட்டு ஒரு ரூபாய் அளவுக்கு வட்டமாக, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி விழுவது. சுற்றிலும் நல்ல முடி இருக்க, நடுவில் முளைத்ததா இல்லையா என்று சில வாரங்களிலேயே பார்த்துவிடலாம். எது சட்டென்று கண்ணுக்குத் தெரிகிறதோ, அதில் ஊர் வாய்க்கு விஷயம் பிடிபட்டிருக்கிறது. அதே வெங்காயத்தைத் தலை முழுக்கப் பூசினால் அடர்த்தியாக வளரும் என்பது அங்கிருந்து யாரோ இழுத்துவந்த சேர்க்கை.

சீக்கிரம் விடை தெரிந்தால் போதும் என்று நான் சொன்னால் அது பாதிதான் சரி. முகப்பூச்சு விஷயத்தில் அது அபாயமான பாதி. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்ற ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை முகத்தில் தடவினால் ஒன்றிரண்டு வாரத்தில் முகம் தெளிந்து வெளுத்துக் காட்டும். மாவைவிட வேகமான விடை இல்லையென்றாலும் எண்ணெயைவிட எவ்வளவோ வேகம். என் முகம் பளிச்சென்று ஆகிவிட்டது, மருந்துக் கடையில் இந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள் என்று ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்கிறாள், கண்ணால் கண்டதைத்தான் சொல்கிறாள். சில மாதம் போனபின் தோல் மெலிந்து, இரத்த நாளங்கள் சிவப்பாகத் தெரிந்து, பருக்கள் கிளம்பும். நிறுத்தினால் எரிச்சலும் சிவப்பும் முன்னைவிட அதிகமாகும், அதற்குப் பயந்து மறுபடி தடவுவார்கள். தோல் மருத்துவர்கள் வருடக்கணக்காகக் கூப்பாடு போட்டபின், 2018-இல்தான் மத்திய அரசு இத்தகைய களிம்புகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலுக்குக் கொண்டுவந்தது. ஆகவே முதலில் தெரியும் விடையே முழு விடையாகவும் இருக்க வேண்டும் என்று திருத்திக்கொள்கிறேன். மாவு காலையில் பொங்கினால் கதை அங்கே முடிந்தது. முகம் வெளுத்தால் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

தோட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்தால் சோப்புக் கரைசலை வேகமாகப் பீய்ச்சுங்கள், வேப்பெண்ணெய் கலந்து தெளியுங்கள் என்பது மாடித்தோட்டக்காரர்கள் எல்லோரும் சொல்வது. ஒரு தொட்டிக்கு அது பலிக்கிறது, ஒரு வாரத்தில் தெரிகிறது. ஆனால் 2008-இல் கோயம்புத்தூர்ப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்ற புதுவரவு நுழைந்து, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தமிழ்நாடு முழுக்கப் பஞ்சு அப்பியதுபோல வெள்ளையாக்கியபோது அனுபவசாலிகளின் கையில் ஒன்றுமே இல்லை. கழுவிவிட்ட செடிக்கு அடுத்த வீட்டுப் பப்பாளியிலிருந்து மறுபடி வந்தது. நேற்றுவரை ஊரில் இல்லாத பூச்சிக்கு யாருடைய அனுபவத்தைக் கேட்பது? அதன் சொந்த நாட்டுப் பக்கம் அதை அடக்கிவைத்திருக்கும் அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்ணிய குளவியைப் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து 2010-இல் வரவழைத்து, பெருக்கி, வயல்களில் விட்டார்கள் விஞ்ஞானிகள். சில மாதங்களில் பூச்சி அடங்கியது. அந்தக் குளவியைக் கண்ணால் பார்த்தவர்கள் குறைவு. அந்தப் பருவத்தில் தற்செயலாக எதையாவது தெளித்துக்கொண்டிருந்தவருக்குத் தன் கரைசலின் மேல் அசையாத நம்பிக்கை ஏற்பட்டிருந்தால் அவரைக் குறைசொல்ல முடியாது.

இதற்கெல்லாம் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஆகாதா என்ற கேள்வியை முதியவர்கள் மட்டுமல்ல, இளைஞர்களும் இப்போது கேட்கிறார்கள். ஒரு காலத்து ஏக்கம் அது, அவ்வளவுதான். பாட்டிக்குத் தெரிந்தது ஒரு ஊரின் வெயில், ஒரு ஆட்டுக்கல், ஒரே வயலின் அரிசி. வெட் கிரைண்டரே கோயம்புத்தூரில் 1955-ஐ ஒட்டித்தான் வந்தது. டொராண்டோ ஜனவரியும் பாஸ்மதியும் மிக்ஸியும் அவர் கணக்கில் இல்லை. இன்னொன்றும் உண்டு. பாட்டியின் யோசனையை மீறினால் வீட்டில் முகம் சுளிப்பார்கள். மீறியவர் மருமகள் என்றால் கேட்கவே வேண்டாம். முகம் தெரியாத அக்கா சொன்னதைப் பிடிக்காவிட்டால் விட்டுவிடலாம், யார் மனமும் புண்படாது. உளுந்து எத்தனை மணி நேரம் ஊற வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் புகுந்த வீட்டுக்கு வந்த பெண்ணுக்கு, வெட்கப்படாமல் கேட்க ஓர் இடம் கிடைத்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. நிபுணரைக் கேளுங்கள் என்பவர்களுக்கும் இதே பதில். தோசை ஏன் கல்லில் ஒட்டுகிறது என்பதற்கு அப்பாயின்ட்மென்ட் கொடுக்கும் நிபுணர் எந்த ஊரிலும் இல்லை.

பலிக்காவிட்டால் போகட்டும், எண்ணெய்தானே, கெடுதல் என்ன என்பது கடைசி வாதம். கெடுதல் எண்ணெயில் இல்லை, எண்ணெய் தேய்த்துக்கொண்டு காத்திருக்கும் மாதங்களில் இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேல் இரத்தசோகை உள்ளவர்கள். முடி கொட்டுகிறது என்று கேட்கும் பெண்ணிடம், ஹீமோகுளோபின் பார்த்தீர்களா, தைராய்டு பார்த்தீர்களா என்று ஒருவராவது கேட்டிருந்தால் அதுதான் அங்கே சொல்லத்தக்க யோசனை. அப்படிக் கேட்பவர்களும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் அவர்கள் சொல்வது எண்ணெயைப்போல வாசனையாக இருப்பதில்லை, அதனால் கீழே போய்விடுகிறது. பணம் வாங்கிக்கொண்டு தோழியைப்போலப் பேசும் விளம்பரக்காரர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டியதில்லை. அவர்கள் மாவு பக்கம் அதிகம் வருவதில்லை, முடியும் முகமும் இருக்கும் இடத்தில்தான் மொய்க்கிறார்கள். விடை தாமதமாகத் தெரியும் இடம் எது என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகவே, மாவுக்கும் தோசைக்கல்லுக்கும் தொட்டிச் செடிக்கும் கூச்சமின்றிக் கேளுங்கள். முடிக்கும் தோலுக்கும் கேட்பதானால், யாருக்குப் பலித்தது என்று கேட்காமல் யாருக்குப் பலிக்கவில்லை என்று கேளுங்கள். கேட்டு வாங்கிய யோசனை காலை வாரினால் சும்மா இருந்துவிடாதீர்கள். அதே இடத்துக்குத் திரும்பிப் போய், சரிவரவில்லை என்று எழுதுங்கள். எந்த ஊர், எந்த மாதம், என்ன அரிசி என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.